தார்ப்பாய்க்குக் கூலி உண்டா?

ஆசிரியருக்கு,

கணவர் புதிதாகப் பிளாட்பெட் (பக்கச்சுவரும் கூரையும் இல்லாத, தட்டையான) ட்ரக் நிறுவனமொன்றில் சேரும்போது மைலுக்கு எத்தனை சதம் என்று மட்டும் கேட்டால் போதாது. இங்கே சுமையைக் கட்டுவதும் மூடுவதுமே பாதி வேலை. மரப்பலகைக்குப் போடும் தார்ப்பாய் ஒன்றே 40 கிலோ வரும். பனியில் நனைந்தால் கேட்கவே வேண்டாம். அதற்கும், ஏற்றுமிடத்தில் காத்துக் கிடப்பதற்கும் தனிக்கூலி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

சங்கிலிகளையும் எண்ணச் சொல்லுங்கள். 40,000 இறாத்தல் எஃகுச் சுருளுக்குக் கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் சுமையின் பாதியாவது, அதாவது 20,000 இருக்கவேண்டும். 6,600 தாங்கும் சங்கிலி மூன்று போட்டால் 19,800தான்; நான்காவது கட்டாயம்.

ஓடத் தொடங்கியதும் சுமை அமர்ந்து கட்டுத் தளரும். அதனால்தான் கனடா விதி முதல் 80 கிலோமீற்றருக்குள் ஒருமுறையும், பிறகு 240 கிலோமீற்றர் அல்லது மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் இறங்கிப் பார்க்கச் சொல்கிறது. அந்நேரம் அவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் பதறாதீர்கள்.

ட்ரக் ஓட்டுநர் ஒருவரின் மனைவி,
ஸ்காபரோ