அந்தமான் பயணத் திட்டக் குளறுபடிகள் குறித்துப் புகார்

அனுப்புநர்:
திருவாரூர் மாவட்டம், மன்னார்குடி வட்டத்தைச் சேர்ந்த உங்கள் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, ரசீது நகல்கள் இணைப்பில்)

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
பயண ஏற்பாட்டு நிறுவனம், தஞ்சாவூர் கிளை

பொருள்: "புதிய அந்தமான்" குடும்பச் சுற்றுலாவில் சொன்னதற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாடு, பணத்தைத் திருப்பித் தரவும் பயணத் திட்டத்தைத் திருத்தவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். கடந்த பிப்ரவரியில் என் அப்பா, அம்மா, கணவர், மகன், நான் என ஐந்து பேரும் உங்கள் நிறுவனம் மூலமாக அந்தமான் போய் வந்தோம். திரும்பி வந்ததும் உங்கள் கிளைக்குப் போன் செய்தேன். "அடுத்த தடவை நல்லா பண்ணித் தர்றோம் மேடம்" என்று சொன்னார்கள். எங்களுக்கு அடுத்த தடவை என்பது அவ்வளவு சுலபம் இல்லை. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்தில் அப்பா முன்பணம் கட்டினார். மீதியை அம்மாவின் ஏலச்சீட்டுப் பணத்தில் கட்டினோம். சம்பா அறுவடை முடிகிற வரை காத்திருந்து கிளம்பினோம். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

உங்கள் விளம்பரத்தாளில் பெரிய எழுத்தில் இருந்தது "புது ரிசார்ட், புது உணவகம், புது இடங்கள்". வேறு நிறுவனங்கள் இதைவிடக் குறைந்த பணத்துக்குக் கூட்டிப் போகத் தயாராக இருந்தும் உங்களிடம் வந்தோம். வயதானவர்கள் வருகிறார்கள், புது இடமென்றால் குளியலறை, படுக்கை எல்லாம் வசதியாக இருக்கும் என்று நினைத்தோம்.

முதலில் ரிசார்ட். ஹேவ்லாக் தீவில், இப்போது ஸ்வராஜ் தீவு என்கிறார்கள், படகுத்துறையிலிருந்து எங்களை அழைத்துப் போன இடம் இன்னும் கட்டி முடிக்காத கட்டடம். முன்வரிசையில் சில குடில்கள் மட்டும் தயார். பின்னால் முழுக்கச் சாரம் கட்டியிருந்தது. நீச்சல் குளத்துக்குள் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தார்கள். டைல்ஸ் அறுக்கும் மெஷின் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடும். அம்மா படுக்கை விரிப்பைக் கையால் தட்டிப் பார்த்தார், வெள்ளையாகத் தூசு எழும்பியது. குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் துளை மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். அம்மா குளிக்கப் போகும்போதெல்லாம் நான் வெளியே நின்றேன். வரவேற்பில் இருந்தவர் தமிழ்ப் பையன்தான். "அக்கா, எங்களுக்கே ஏப்ரல்லதான் திறப்புன்னு சொல்லியிருக்காங்க. உங்க ஆபீஸ்ல எப்படி புக்கிங் எடுத்தாங்கன்னு தெரியலை" என்றார். அவர் மேல் எங்களுக்குக் கோபமே இல்லை. இரவு பத்து மணிக்கு எங்கிருந்தோ சுடுதண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் தீவுகளில் குடிக்கவும் குளிக்கவும் மழைத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறார்கள். பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் வரை அங்கே மழை குறைவு. அந்த நேரத்தில் கட்டட வேலைக்கும் தங்க வந்தவர்களுக்கும் ஒரே தொட்டியிலிருந்து எடுத்தால் என்ன ஆகும்? மதியத்துக்கு மேல் குழாயில் காற்றுதான் வந்தது. நாங்கள் கடைமடைக்காரர்கள், தண்ணீர் வராத வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவர்கள். தீவில் தண்ணீர் கஷ்டம் என்றால் புரிந்துகொள்வோம். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

விளம்பரப் படத்தில் குடில் படிக்கட்டு வரை நீலத் தண்ணீர் இருந்தது. நாங்கள் போன பிற்பகலில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, கூர்மையான கல்லும் செத்த பவளமுமாகக் கிடந்தது. மகன் கால் வைத்து இறங்கிப் பார்த்து, பாதத்தில் கீறல் வாங்கிக்கொண்டு வந்தான். தீவின் கிழக்குக் கரையில் கடல் ஏறும்போது மட்டும்தான் குளிக்க முடியும், வற்றும்போது முடியாது என்று அந்தப் பையன்தான் விளக்கினார். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் கடல் ஏறி இறங்குவது இந்த அளவுக்குத் தெரியாது. இங்கிருந்து போகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். எந்தெந்த நேரத்தில் ஏற்றம், எப்போது வற்றம் என்ற அட்டவணை முன்கூட்டியே கிடைக்கிறது.

உணவகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் கொடுத்த இரவுச் சாப்பாட்டுக் கூப்பனை அந்தப் "புது கடலுணவு உணவகத்தில்" வாங்க மறுத்துவிட்டார்கள். உங்கள் நிறுவனத்தோடு தங்களுக்கு எந்த ஏற்பாடும் இல்லை என்றார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். உங்கள் அவசர எண்ணுக்கு அடித்துக்கொண்டே ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தோம், யாரும் எடுக்கவில்லை. கடைசியில் படகுத்துறைக் கடைவீதியில் ஒரு சின்ன மெஸ்ஸில் சோறும் ரசமும் கிடைத்தது. அதுவரை அப்பாவுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இனி ராதாநகர் கடற்கரை. இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அதுதான்.

அம்மா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் டெல்டாவில்தான். அவருக்குத் தெரிந்த கடல் பூம்புகாரும் வேளாங்கண்ணியும்தான். அந்தக் கரையில் கடலிலிருந்து சூரியன் எழும்புவதைப் பார்க்கலாம், கடலில் இறங்குவதைப் பார்க்க முடியாது. "சூரியன் தண்ணிக்குள்ள போறதை ஒரு தடவை பார்த்துடணும்" என்று அம்மா எத்தனையோ வருடமாகச் சொல்லி வந்தார். முன்பதிவு செய்த அன்றே உங்கள் ஊழியரிடம் இதைச் சொன்னேன். "ராதாநகர் இருக்கே மேடம், ஆசியாவிலேயே நல்ல பீச்" என்றார். உண்மைதான். 2004-ல் டைம் பத்திரிகை அந்தக் கடற்கரையை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதியது. சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் 2020-ல் கிடைத்தது. மேற்குப் பார்த்த கரை. அம்மாவின் ஆசைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

உங்கள் பயணத்தாளில் அச்சடித்திருந்தது இது: "மாலை 5.30 ராதாநகர் வருகை. 6.15 சூரிய அஸ்தமனம்."

வேன் அந்தத் தாளின்படி ஐந்து மணிக்கு வந்தது. ஓட்டுநர், அந்தத் தீவில் குடியேறிய வங்காளிக் குடும்பத்தைச் சேர்ந்தவர், எங்களைப் பார்த்ததுமே அவசரப்படுத்தினார். நேரம் போய்விட்டது என்று அரைகுறை இந்தியில் சொன்னார். ஐந்தரைக்குப் போய் இறங்கி, அம்மாவைக் கைத்தாங்கலாக மரங்களுக்கு நடுவே மணலில் கூட்டிப் போனபோது எதிரே வந்தவர்கள் எல்லாரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சூரியன் ஐந்து இருபத்தைந்துக்கே இறங்கிவிட்டது. வானத்தில் கொஞ்சம் சிவப்பு இருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த நாள் காலையே கிளம்ப வேண்டியதால் இன்னொரு மாலை எங்களுக்கு இல்லை.

இது ஒன்றும் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை ஐயா. அந்தமான் நமக்குக் கிழக்கே பதின்மூன்று டிகிரிக்கு மேல் தள்ளி இருக்கிறது. கடிகாரம் மட்டும் இரண்டு இடத்துக்கும் ஒன்றே. அதனால் தஞ்சாவூரில் சூரியன் மறைவதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்பே அங்கே மறைந்துவிடும். பிப்ரவரியில் நமக்கு ஆறேகாலுக்கு மேல், அவர்களுக்கு ஐந்தரைக்கு முன். போனில் தட்டினால் நிமிடக் கணக்காக வந்துவிடுகிறது. நம்மூர் நேரத்தை அப்படியே எடுத்து அச்சடித்திருக்கிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. அந்தத் தாளை வைத்து இதுவரை எத்தனை குடும்பங்கள் வெறும் வானத்தைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்களோ!

என் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் மின்னஞ்சலில் "இயற்கைக் காரணங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்ற விதியைக் காட்டியிருக்கிறீர்கள். புயல், மழை, படகு ரத்து என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். தினமும் நடக்கிற சூரிய அஸ்தமனத்துக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும்?

இதைவிட ஆபத்தான ஒன்றும் அதே தாளில் இருக்கிறது. கடைசி நாள் காலை ஏழு மணிக்கு ஸ்கூபா டைவிங், அப்புறம் படகில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்கிறார்கள்), பிற்பகல் இரண்டு மணிக்குச் சென்னை விமானம். என் கணவருக்கும் மகனுக்கும் பணம் கட்டியிருந்தோம். டைவிங் மையத்தில் படிவம் நிரப்பும்போது, ஊருக்கு விமானம் எப்போது என்று பயிற்சியாளர் கேட்டார். இன்றைக்கே என்றதும் படிவத்தை மூடி வைத்துவிட்டார். கடலுக்கு அடியில் அதிக அழுத்தத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்கிறது. அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறி அழுத்தம் குறைந்தால் ரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழ்களாக மாறி, பக்கவாதம் வரைகூடக் கொண்டுபோய் விடலாம். ஒரே ஒரு முறை மூழ்கினாலும் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பது மூழ்கு மருத்துவத்தில் சொல்லும் கணக்கு. அந்தப் பயிற்சியாளர் தன் மையத்தில் 24 மணி நேரம் கேட்பதாகச் சொன்னார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால்? மகனுக்குப் பன்னிரண்டு வயது. உங்கள் தாளை நம்பித்தான் அவனை அங்கே அழைத்துப் போனேன். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அப்பாவின் ஏமாற்றம் வேறு விதம். உங்கள் தாளின் பின்பக்கத்தில் "ராஜேந்திர சோழன் வென்ற நிக்கோபார்" என்று பெரிய கோயில் படத்தோடு போட்டிருந்தீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டில் நிக்கோபார், மாநக்கவாரம் என்ற பெயரில் வருவது அப்பாவுக்கு மனப்பாடம். அந்த மண்ணில் கால் வைக்கப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். போர்ட் பிளேரில் கேட்டால், கார் நிக்கோபார் அங்கிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல், அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கும் பத்து டிகிரிக் கால்வாயைத் தாண்டி இருக்கிறது, பழங்குடி மக்களுக்கான காப்புப் பகுதி, 1956-ம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையவே முடியாது என்கிறார்கள். அந்த மக்களைக் காக்கப் போட்ட சட்டம், இருக்கத்தான் வேண்டும். போக முடியாத இடத்தை விளம்பரத்தில் போட்டது உங்கள் தவறு. எங்கள் ஊர்ப் பெருமையைக் காட்டி எங்களிடமே ஆசை மூட்டியதை அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

நன்றாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலையில் திறந்த புதிய விமான முனையத்தில் சக்கர நாற்காலி உடனே கிடைத்தது. செல்லுலார் சிறைக்கு நீங்கள் அனுப்பிய வழிகாட்டி அருமையானவர். ஏழு கிளையாக இருந்த சிறையில் இப்போது மூன்றுதான் மிச்சம் என்பதையும், ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாதபடி அறைகளை அமைத்த விதத்தையும் நின்று நிதானமாகக் காட்டினார். அவரிடம் ஒரு தடவை உங்கள் பயணத்தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தால் மேலே எழுதிய எல்லாத் தவறுகளையும் அவரே திருத்தியிருப்பார்.

நான் கேட்பது இதுதான். திறக்காத ரிசார்ட்டுக்கு வாங்கிய இரண்டு இரவு வாடகை, செல்லாத கூப்பன்களின் தொகை, நடக்காத ஸ்கூபா கட்டணம், இவற்றை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். ராதாநகர் மாலைக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை. அதற்கு அம்மாவிடம் எழுத்தில் மன்னிப்புக் கேளுங்கள். பயணத்தாளில் அஸ்தமன நேரத்தையும் டைவிங் நாளையும் மாற்றுங்கள், நிக்கோபார் வரியை எடுத்துவிடுங்கள். கோடை விடுமுறைக்கு இதே திட்டத்தில் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பங்கள் பணம் கட்டியிருப்பதாக உங்கள் ஊழியரே சொன்னார். ரிசார்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவர்களுக்கு இப்போதே தெரிவியுங்கள். மே கடைசியில் போகிறவர்களிடம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தென்மேற்குப் பருவமழை முதலில் தொடுவது அந்தமான் கடலைத்தான். அந்த நேரத்தில் படகும் கடல் விளையாட்டுகளும் எந்த நாளும் நின்றுபோகலாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. விளம்பரத்தாள், பயணத்தாள், ரசீதுகள், கட்டடத்தின் படங்கள், ராதாநகரில் இறங்கிய நேரம் பதிவான படம், டைவிங் மையம் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாவற்றின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். அசல் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மன்னார்குடி