தோட்டப்புறச் சுகாதாரத்துக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த சுகாதார வைத்திய அதிகாரி முறையும், வீடு வீடாகச் செல்லும் குடும்ப நல உத்தியோகத்தர்களின் உழைப்பும் இந்நாட்டின் தாய் சேய் நலத்தைப் பிற நாடுகள் எடுத்துக்காட்டாகப் பேசும் நிலைக்கு உயர்த்தின. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு என்றே எண்ணுகிறேன். ஆயினும், மலையகத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் படிப்பித்தவள் என்ற முறையில், அந்தச் சேவை எங்கள் தோட்டங்களின் எல்லைக் கல்லுக்கு அப்பால் எத்தனையோ காலம் நின்றுவிட்டது என்பதையும், இன்றும் அது முழுமையாக உள்ளே வந்து சேரவில்லை என்பதையும் தங்கள் பத்திரிகை வாயிலாக எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். குடிசன மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்தில் மட்டும் அது 31.7 சதவீதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை. நான் முதலாம் வகுப்புக்குப் படிப்பித்த ஆண்டுகளில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் நான்கு வயதுக்குரிய உடம்போடு சிலர் நிற்பார்கள். அவர்களுக்கு மதியம் வரை எழுத்தில் கவனம் நிற்காது. அதைச் சோம்பல் என்று நானே சில வேளை கடிந்திருக்கிறேன் என்பதை இன்று நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், “அது உங்கள் பரம்பரை உடம்பு” என்பதாகும். படித்தவர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது உண்மையல்ல. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல்கள் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் பிள்ளைகளை அளந்து உருவாக்கப்பட்டவை. நல்ல உணவும், தாய்ப்பாலும், சுத்தமான சூழலும், முறையான வைத்தியக் கவனிப்பும் கிடைத்தபோது, டில்லியில் வளர்ந்த பிள்ளைகளும் ஒஸ்லோவில் வளர்ந்த பிள்ளைகளும் முதல் ஐந்தாண்டுகளில் பெரும்பாலும் ஒரே அளவில்தான் உயர்ந்தார்கள். ஆகவே எங்கள் பிள்ளைகளின் உயரத்தைக் குறைப்பது இரத்தமல்ல. தாயின் இரத்தசோகை, ரொட்டியும் தேநீருமாகக் கழியும் காலை உணவு, நீரும் மலசலகூடமும் சரியாக இல்லாத லயம், பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலையேற வேண்டிய கட்டாயம் ஆகியவையே அதைக் குறைக்கின்றன.

எங்கள் மக்களின் நோயை எங்கள் மீதே ஏற்றிச் சொல்வது புதிய பழக்கமல்ல. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. தொழிலாளருக்கு மருந்து கொடுத்தார்கள், புழு போனது. ஆனால் லயங்களில் போதிய மலசலகூடங்கள் இல்லாததால், செருப்பில்லாத கால்களின் வழியே அது மறுபடியும் உடம்புக்குள் புகுந்தது. கூலிக்காரருக்குச் சுத்தம் தெரியாது என்று எழுதி வைத்தவர்கள் தோட்டத்தை நிருவகித்த ஆங்கிலேயத் துரைமார். மலசலகூடம் கட்டிக் கொடுக்க வேண்டியவர்களும் அவர்களே.

இந்தச் சிக்கலின் வேர் “தோட்டத்துச் சுகாதாரத்துக்கு யார் பொறுப்பு” என்ற கேள்வியில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அந்தப் பொறுப்பு சட்டப்படி தோட்டத்தின் மீது சுமத்தப்பட்டது. அதனால் தோட்ட வைத்தியசாலை, தோட்ட மருந்தகம், தோட்ட வைத்திய உதவியாளர், தோட்டத்து மருத்துவிச்சி என்று ஒரு தனி ஏற்பாடு உருவானது. நாங்கள் “டாக்டர் ஐயா” என்று அழைத்தவர்களில் பலர் முறையாகப் பதிவு பெற்ற வைத்தியர்கள் அல்லர். நாடு முழுவதும் இலவச வைத்தியசேவை பரவியபோது நாங்கள் அந்தத் தனி ஏற்பாட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்கள் மக்களைப் பெரும்பாலும் நாடற்றவர்களாக்கிய பின்னர், எங்களுக்காகக் கேள்வி கேட்க வாக்கும் இருக்கவில்லை. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வைத்தியசாலைக் கட்டடம் ஒருவரிடமும், மருந்துச் செலவு இன்னொருவரிடமும், ஆட்பலம் மூன்றாமவரிடமும் போய்ச் சேர்ந்தன. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் என்று 1990களிலேயே தீர்மானிக்கப்பட்டது. சில பொறுப்பேற்கப்பட்டன. ஏனையவற்றுள் பல பூட்டிக் கிடக்கின்றன, அல்லது காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கும் ஓர் அறையாகச் சுருங்கிவிட்டன.

இதே கதை உள்ளூராட்சியிலும் நடந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தெருவிளக்கு, வடிகால், குப்பை அகற்றல், குடிநீர் ஆகிய நோய் தடுக்கும் அடிப்படை வேலைகள் எல்லாமே அந்த ஒரு பிரிவினால் தோட்ட எல்லையில் நின்றன. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தடை நீங்கியது நல்லதே. ஆனால் தடை நீங்கிய மறுநாளே வடிகால் வந்துவிடுவதில்லை என்பதை எந்த லயத்துக்குப் போனாலும் காணலாம்.

நியாயமாகப் பேச வேண்டுமானால், முன்னேற்றத்தையும் சொல்ல வேண்டும். இன்று தோட்டத்துத் தாய்மாரில் மிகப் பெரும்பாலானோர் அரச வைத்தியசாலைகளிலேயே பிள்ளை பெறுகிறார்கள். தடுப்பூசி எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவையும் வந்தது. ஆனால் மேற்பிரிவு லயத்திலிருந்து தார்வீதிக்கு இறங்கும் பாதையில் அம்புலன்ஸ் ஏற முடியாதபோது, குளவி கொட்டி மூச்சுத் திணறும் பெண்ணைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டோ, கொழுந்து லொறியில் ஏற்றியோ தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. குளவிக் கொட்டில் நேரமே உயிர். மலைக்குப் பக்கத்திலேயே அதற்குரிய முதலுதவி ஊசியும், அதைப் போடத் தெரிந்தவரும் இருந்தால் தடுக்கக்கூடிய மரணங்கள் இவை.

கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக் என்பது எங்கள் பெண்களுக்கு என்ன விலையில் கிடைக்கிறது என்பதையும் வெளியார் அறிய வேண்டும். கிளினிக் நாளில் மலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அதாவது அன்றைய நாள் வேலைநாளாகப் பதிவாகாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. அதற்கு மேல் முச்சக்கரவண்டிக் கூலியும் சேரும். ஆகையால் முதல் இரண்டு மாதங்கள் போய்விட்டு, “உடம்புக்கு ஒன்றுமில்லை” என்று மூன்றாம் மாதம் நிறுத்திக்கொள்ளும் பெண்களை நான் அறிவேன். கொழுந்து மலையில் மலசலகூடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வேலை செய்து, சிறுநீர்த் தொற்றை வழக்கமான வலியாகவே ஏற்றுக்கொண்டவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள்.

என் பழைய மாணவி ஒருத்திக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்த அவளுக்கு ஒரு பரிசோதனைக்கான திகதி கடிதத்தில் வந்தது. லயத்துக் காம்பராக்களுக்கு, அதாவது அறை வீடுகளுக்கு, முகவரி இல்லாததால் அது தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே கிடந்து, திகதி கழிந்த பின்னர் அவள் கைக்கு வந்தது. மறுபடியும் அவள் போனபோது அட்டையில் எழுதிக் கொடுக்கப்பட்டவை அனைத்தும் சிங்களத்தில் இருந்தன. தாதி கோபமில்லாமல், அன்பாகவே சைகையில் விளக்கினார். இருந்தும், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பது வீட்டுக்கு வந்து என்னைக் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. நான் அந்தத் தாதியைக் குறை சொல்லவில்லை. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாக இருக்கும்போது, தமிழ் பேசும் நோயாளிகள் நிறைந்த மாவட்டத்தில் தமிழ் அறிந்த ஊழியரை நியமிப்பது அரசின் கடமை. அது தனி ஒரு தாதியின் கருணையில் தங்கியிருக்கக் கூடாது.

குடும்ப நல உத்தியோகத்தர் பதவிகளுக்குத் தகுதியான தமிழ் பேசுபவர்கள் கிடைப்பதில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை மிகச் சிலவே என்பதால், அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் விஞ்ஞான ஆசிரியரைத் தராமல் விட்டது யார் என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும். தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு விசேட பயிற்சி வழியைத் திறந்து, படித்து முடித்த பின் தம் பகுதியிலேயே சில ஆண்டுகள் சேவை செய்யும் ஏற்பாட்டோடு அவர்களை நியமிக்கலாம். என் வகுப்பறைகளில் அதற்குத் தகுந்த பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அவர்களிற் பலர் இன்று கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள்.

இன்று தோட்டங்களில் குடியிருப்போரில் பெரும்பாலானோர் கம்பனியின் பதிவுத் தொழிலாளர் அல்லர். அப்படியிருக்க, அவர்களுடைய உடல்நலத்தைக் கம்பனியின் நலன்புரி வேலையாக இன்னும் வைத்திருப்பதற்கு என்ன நியாயம்? எஞ்சியிருக்கும் தோட்ட வைத்தியசாலைகளையும் மருந்தகங்களையும் கட்டடம், காணி, ஆட்பலம் ஆகியவற்றோடு சேர்த்துச் சுகாதார அமைச்சும் மாகாண சபைகளும் பொறுப்பேற்க வேண்டும். அதற்கு ஆண்டு வாரியான கால அட்டவணை வேண்டும். அது பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். கிளினிக் நாளுக்குக் கர்ப்பிணித் தொழிலாளிக்கு முழுப்பேர் வழங்கப்பட வேண்டும். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் மிகுந்த எங்கள் மக்களிடையே வாய்ப்புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனை லயம் தேடி வர வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஒவ்வொரு காம்பராவுக்கும் ஓர் இலக்கமும் முகவரியும் கொடுக்கப்பட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. தபால் திணைக்களமும் பிரதேச செயலகமும் கூடிப் பேசினால் சில மாதங்களில் முடியக்கூடிய வேலை.

மேலே சொன்ன என் மாணவிக்கு இந்த மாதம் மறுபடியும் கிளினிக் கடிதம் வர வேண்டும். அவள் தினமும் வேலை முடிந்து தோட்ட ஆபீசுக்கு நடந்து போய்க் கேட்டுவிட்டு வருகிறாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்.