வேலை செஞ்சாத்தான் சோறுன்னா, செஞ்ச வேலைக்குக் கூலி எங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல இலவசத் திட்டங்கள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். அமெரிக்காவுல அரசாங்க உதவி வாங்குறவங்க வேலை செஞ்சே ஆகணும்னு சட்டம் இருக்கு, நம்ம ஊர்லயும் ரேஷன் அரிசிக்கு அப்படி ஒரு கண்டிஷன் போட்டா என்னன்னு கட்டுரையாளர் கேட்டிருந்தார். நான் பல வருஷமா அர்கன்சா மாநிலத்துல, பென்டன்வில் பக்கம் இருக்கேன், வால்மார்ட் தலைமை ஆபீஸ் இருக்கறதால நம்மாளுங்களும் நிறைய இருக்கற ஊர்தான். ஏழைங்களோட மருத்துவக் காப்பீட்டுக்கு, அதான் மெடிகெய்டுக்கு, இந்த கண்டிஷனை நாட்டுலயே மொதல்ல கொண்டுவந்து ஆளுங்களை வெளியேத்துன மாநிலம் இதுதான், அதனால என்ன ஆச்சுன்னு சொல்லியே ஆகணும்னு தோணுச்சு.

2018 ஜூன்ல ஆரம்பிச்சாங்க. 30லேர்ந்து 49 வயசுக்காரங்க மாசம் 80 மணிநேரம் வேலையோ படிப்போ தொண்டோ செஞ்சதா கணக்கு காட்டணும், ஒரு வருஷத்துல மூணு மாசம் காட்டலன்னா காப்பீடு போயிடும், அந்த வருஷம் முடியற வரைக்கும் திரும்பவும் சேர முடியாது. கணக்கு காட்ட ஆரம்பத்துல வெப்சைட் மட்டும்தான் வழி, அந்த வெப்சைட்டும் ராத்திரி 9 மணிலேர்ந்து காலைல 7 மணி வரைக்கும் மூடியிருக்கும். பகல் பூரா கோழி வெட்டுற ஃபேக்டரில நின்னுட்டு வர்றவங்க, மிசிசிப்பி ஆத்தோரமா இன்டர்நெட்டே சரியா இல்லாத ஊர்கள்ல இருக்கறவங்க, எப்ப உக்காந்து அதை அடிச்சு அனுப்புவாங்க? வருஷம் முடியறதுக்குள்ள 18,000 பேருக்கு மேல காப்பீடு போச்சு. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆளுங்க அப்புறமா ஆய்வு பண்ணிப் பாத்தா, வேலைக்குப் போறவங்க எண்ணிக்கை கூடவே இல்ல, ஏன்னா அந்த கண்டிஷனுக்குள்ள வந்தவங்கள்ல நூத்துக்கு 95 பேருக்கு மேல ஏற்கனவே அந்த அளவு வேலையோ படிப்போ செஞ்சிட்டிருந்தாங்க, இல்லன்னா உடம்பு சரியில்ல, குழந்தைய பாத்துக்கறாங்கன்னு விலக்கு கிடைக்கவேண்டியவங்க. ஆக வேலை செய்யாதவங்க மாட்டல, ஃபாரம் போடத் தெரியாதவங்கதான் மாட்டினாங்க. 2019 மார்ச்ல ஃபெடரல் கோர்ட் நிறுத்துச்சு. இப்ப அதையே 2025 ஜூலை 4ல கையெழுத்தான சட்டத்துல மறுபடி கொண்டுவந்துட்டாங்க, 2027 ஜனவரிலேர்ந்து நாட்டுல பெரும்பாலான மாநிலங்கள்ல, 19லேர்ந்து 64 வயசு வரைக்கும்.

இதே மாநிலத்துல இன்னொரு பக்கம் இருக்கு, கட்டுரையாளர் அதைத் தொடவே இல்ல. வேலை செஞ்சே ஆகணும்னு சொல்றது ஜெயில்லயும்தான், ஆனா அர்கன்சா ஜெயில்ல கைதிங்க செய்யற வேலைக்குக் கூலி கிடையாது. கொஞ்சம்தான் தர்றாங்கன்னு நினைச்சிடாதீங்க, ஒண்ணுமே கிடையாது. கம்மின்ஸ்னு ஒரு ஜெயில் பண்ணை, 1902ல பழைய பருத்தித் தோட்ட நிலத்தை அரசாங்கம் வாங்கி ஆரம்பிச்சது, 16,000 ஏக்கருக்கு மேல, அங்க களைக்கொத்தைத் தூக்கிட்டு கைதிங்க வரிசையா வயலுக்குப் போவாங்க, காவலர் குதிரை மேல உக்காந்து பாத்துட்டிருப்பார். மாட்டேன்னு சொன்னா தண்டனை. இதுக்கெல்லாம் இடம் குடுக்கறது 1865ல அடிமைத்தனத்தை ஒழிச்ச, அமெரிக்க அரசியல் சட்டத்தோட அதே 13ஆவது திருத்தம்தான், குத்தத்துக்குத் தண்டனையா வேணா கட்டாய வேலை வாங்கலாம்னு அதுலயே விலக்கு எழுதி வச்சிருக்காங்க. 1970ல ஒரு ஃபெடரல் நீதிபதி அர்கன்சா ஜெயில் அமைப்பு மொத்தமுமே அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு தீர்ப்பு சொன்னார், அவ்வளவு கொடுமை நடந்திருக்கு, ஆனா அந்தத் தீர்ப்புலயே கூலியில்லாம வேலை வாங்கறது மட்டும் 13ஆவது திருத்தத்துக்கு விரோதம் இல்லன்னு விட்டுட்டார். கலிஃபோர்னியா மாதிரி மாநிலத்துலயே 2024 தேர்தல்ல கைதிங்க கிட்ட கட்டாய வேலை வாங்கறதை நிறுத்தணும்னு வந்த தீர்மானத்தை மக்கள் தோக்கடிச்சாங்க, எனக்கு அது ரொம்ப வேதனையா இருந்துச்சு.

இப்ப இந்த ரெண்டையும் சேத்து வச்சுப் பாருங்க. ஒருத்தர் வருஷக்கணக்கா அரசாங்க வயல்ல கொத்திட்டு வெளிய வர்றார், கையில சேமிப்பு இல்ல, உள்ள செஞ்ச வேலை சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் கணக்குலயும் ஏறாது, குத்தப் பதிவு இருக்கறதால வேலைக்கும் லேசுல எடுக்க மாட்டாங்க. சாப்பாட்டுச் சாமான் வாங்க அரசாங்கம் குடுக்கற உதவி, அதான் ஃபுட் ஸ்டாம்ப், கேட்டுப் போனா, சின்னப் புள்ளைங்க இல்லாத ஆளா நல்ல உடம்போட இருந்தா மூணு வருஷத்துல மூணு மாசம்தான், அதுக்கு மேல வேணும்னா மாசம் 80 மணிநேரம் வேலை காட்டுன்னு சொல்வாங்க. வீடில்லாதவங்களுக்கு இதுல இருந்த விலக்கையும் 2025 சட்டம் எடுத்துடுச்சு. இத்தனை வருஷம் இவர்கிட்ட சும்மா வேலை வாங்குன அரசாங்கமே, நீ உழைக்கிற ஆள்தானான்னு இவர்கிட்ட ருசு கேக்குது, இது எந்த ஊர் நியாயம்?

குத்தம் பண்ணவனுக்கு எதுக்கு சார் கூலின்னு சிலர் கேப்பாங்க. நம்ம சுப்ரீம் கோர்ட் 1998லயே குஜராத் வழக்குல இதுக்கு பதில் சொல்லிடுச்சு, கடுங்காவல் கைதிகிட்ட வேலை வாங்கலாம், ஆனா நியாயமான கூலி குடுக்கணும், அதுல ஒரு பங்கை எடுத்து பாதிக்கப்பட்டவங்களுக்குக் குடுக்க சட்டம் கொண்டுவாங்கன்னு. கூலியே இல்லாத இடத்துல பாதிக்கப்பட்டவங்களுக்கு எதைக் குடுப்பாங்க, அந்தக் கைதி தன்னோட பொண்டாட்டி புள்ளைங்களுக்குத்தான் எதை அனுப்புவார்?

அதே மாதிரி 2005ல நம்ம கொண்டுவந்த நூறுநாள் வேலைச் சட்டத்துல, வேலை கேட்டா 15 நாளைக்குள்ள குடுக்கணும், குடுக்கலன்னா வேலையில்லாப் படி குடுக்கணும்னு எழுதினாங்க. நடைமுறையில குறை ஆயிரம் இருந்துச்சு, கூலி பாக்கி வந்துச்சு, எல்லாம் சரி, ஆனா கடமைய அரசாங்கம் தலையில வச்சாங்க, பசிச்சவன் தலையில வைக்கல. இங்க நான் சனிக்கிழமைல இல்லாதவங்களுக்கு இலவசமா சாப்பாட்டுச் சாமான் குடுக்கற ஒரு உணவு வங்கில உதவிக்குப் போறேன், வாங்க வர்றவங்கள்ல பாதிப்பேர் வேலை யூனிஃபார்ம மாத்தக்கூட நேரமில்லாம அப்படியே வந்து நிக்கறாங்க. இவங்களையா சோம்பேறின்னு சொல்றது?

கட்டுரையோட அடுத்த பகுதி வரும்னு போட்டிருக்கீங்க. ரேஷன் கார்டுக்கு வேலை கண்டிஷன் போடணும்னு அதுல திரும்பவும் எழுதறதா இருந்தா, கணக்கை யார் எழுதுவாங்க, விரல் ரேகை விழாத பாட்டிக்கு விலக்கு யார் குடுப்பாங்க, தப்பா பேரை எடுத்துட்டா எத்தனை நாள்ல திரும்ப சேப்பாங்க, அதுவரைக்கும் அந்த வீட்ல என்ன சாப்பிடுவாங்க, இதுக்கெல்லாம் பதிலும் சேத்து எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
அர்கன்சா, அமெரிக்கா