அசைவை விட்டுவிட்டு உடலை மட்டும் எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் வெளிவந்த, செக் குடியரசின் சமகாலக் கலைக் கண்காட்சிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஐரோப்பியக் கலை என்றாலே பாரிஸையும் லண்டனையும் சுற்றி வரும் வழக்கத்திலிருந்து விலகி, பிராக் நகரத்துக் கலைக்கூடங்களுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. கட்டுரையாளர் அந்தப் படைப்புகளைச் சிற்பம் என்றும் காணொளிக் கலை என்றும் இரு கூறாக்கி, மனித உருவத்தை முதற்பகுதியிலும் அசையும் படிமத்தை இரண்டாம் பகுதியிலும் வைத்து எழுதியிருக்கிறார். படிப்பவருக்கு வசதியான பகுப்புதான். ஆயினும் செக் கலையின் உயிர்நாடி அந்த இடத்தில்தான் அறுபடுகிறது என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்நாட்டுக் கலையில் உடல் அசைந்துகொண்டே இருக்கிறது. அதை அசைப்பது யார் என்ற கேள்வியைக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறார்கள்.

கட்டுரையோடு வெளியாகியுள்ள கிறிஷ்டோஃப் கின்டெராவின் ‘புரட்சி’ (2005) என்ற படைப்பின் நிழற்படத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் கீழே ‘சுவரைப் பார்த்து நிற்கும் சிறுவன், சிற்பம்’ என்று குறிப்பு இருக்கிறது. தலையை மூடும் மேற்சட்டை அணிந்த, ஒரு சிறுவனின் உயரமே உள்ள அந்த உருவம் சும்மா நிற்பதில்லை. இயந்திரம் இயங்கியதும் தன் தலையைச் சுவரில் மோதுகிறது, சற்றுப் பின்வாங்குகிறது, மறுபடியும் மோதுகிறது. ஒவ்வொரு மோதலுக்கும் சத்தம் எழுகிறது. அடம்பிடிக்கும் பிள்ளையா, போக வழியற்றுப் போன ஒருவனா என்று தீர்மானிக்க முடியாமல், போய்த் தடுக்கவும் முடியாமல், அடுத்த அடி எப்போது விழும் என்று காத்து நிற்கிற பார்வையாளரின் தவிப்பும் அந்தப் படைப்பில் சேர்ந்ததுதான். இவ்வளவும் நீங்கிய நிழற்படத்தில் எஞ்சுவது துணி போர்த்திய ஒரு பொம்மை மட்டுமே.

இந்த நாட்டம் நேற்று முளைத்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் யான் எவாங்கெலிஸ்டா புர்கின்யே என்ற செக் உடலியல் அறிஞர், சுழலும் தட்டில் வரிசையாக அமைத்த படங்களைக் கொண்டு இதயத்தின் துடிப்பை அசையும் காட்சியாகக் காட்டினார். தாமே ஒரு சுற்றுத் திரும்பும் தோற்றத்தையும் அவ்வாறே அசைய வைத்தார். சினிமா பிறப்பதற்கு முன்பே அசையும் படிமமும் மனித உடலும் அங்கே கைகோத்துவிட்டன. 1958இல் பிரசல்ஸ் உலகக் கண்காட்சிக்காக இயக்குநர் அல்ஃப்ரெட் ராடொக்கும் மேடை வடிவமைப்பாளர் யோசெஃப் ஸ்வோபொடாவும் உருவாக்கிய ‘லாட்டெர்னா மாகிகா’ நிகழ்ச்சியில், மேடையில் உயிரோடு நிற்கும் அறிவிப்பாளர் திரையில் வேறு மொழிகளில் பேசும் தம் உருவங்களோடு உரையாடினார்.

புர்கின்யேவுக்கும் ‘லாட்டெர்னா மாகிகா’வுக்கும் இடைப்பட்ட காலத்தில் இயங்கிய சிற்பி ஸ்டெனியெக் பெஷானெக் (1896–1965) பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரும் குறையாகப் பட்டது. ஒளியையும் மின்சாரத்தையும் சிற்பத்தின் மூலப்பொருளாக்கிய முன்னோடி அவர். 1930களில் அவர் செய்த பெண்ணுடல் சிற்பங்கள் ஒளி ஊடுருவும் பொருளால் ஆனவை; நியான் குழாய்கள் அந்த உடலோடு பின்னிப் படர்ந்திருக்கும். மேனியின் வளைவு கல்லில் செதுக்கப்பட்டதைப் போல நிலையாக இருக்க, ஒளி மட்டும் அதை உள்ளிருந்து மாற்றிக்கொண்டிருக்கும். பிராகில் ஸெங்கர் மின்மாற்று நிலையத்துக்காக அவர் வடிவமைத்த நான்கு இயங்கு சிற்பங்கள் 1937ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் காட்டப்பட்டன. ஆனால் எந்தக் கட்டடத்துக்காகச் செய்யப்பட்டனவோ அதில் அவை நிறுவப்படவே இல்லை. அதே மின் நிலையம்தான் 2022 பிப்ரவரியில் குன்ஸ்ட்ஹாலே பிராகா என்ற கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. மின்சாரமும் கலையும் இணைந்த நூறாண்டுகளைப் பற்றிய அதன் முதல் கண்காட்சிக்குப் பெஷானெக்கே தூண்டுதல். இந்த வரலாற்றைச் சொல்லாமல் இன்றைய இயந்திர உருவங்களைப் பேசினால், அவை ஏதோ புதுமை மோகத்தில் செய்யப்பட்டவை என்ற எண்ணமே வாசகருக்கு ஏற்படும்.

கருவி எதுவும் இல்லாமல் தம் உடலை மட்டும் கொண்டு உடலை அசைப்பது யார் என்ற இதே கேள்வியைக் கேட்டவர் நிகழ்த்துகலைஞர் யிர்ஜி கொவாண்டா. 1976 நவம்பர் 19 அன்று பிராகின் வென்சஸ்லாஸ் சதுக்கத்தில், மக்கள் நடந்துபோகும் வழியில், இரு கைகளையும் விரித்தபடி நின்றார். மறு ஆண்டு செப்டம்பர் 3 அன்று நகரும் படிக்கட்டில் ஏறி, பின்புறம் திரும்பி, தமக்குப் பின்னால் நின்றவரின் கண்களை நேருக்கு நேர் பார்த்தார். அவ்வளவுதான் செயல். 1968இல் சோவியத் தலைமையிலான படைகள் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த பிறகு, எல்லாவற்றையும் ‘வழக்க நிலைக்கு’க் கொண்டுவரும் பெயரில் பொதுவாழ்வு இறுக்கப்பட்டிருந்த ஆண்டுகள் அவை. தமக்கு அரசியல் நோக்கம் இருக்கவில்லை என்றும், தம் கூச்சத்தைக் கடப்பதே முயற்சி என்றும் கொவாண்டா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதை நான் அப்படியே ஏற்கிறேன். ஆயினும் எல்லாரும் ஒரே திசை பார்த்து நிற்கும் படிக்கட்டில் ஒருவர் மட்டும் திரும்பி நிற்பதற்கு அந்த நாட்களில் இருந்த கனத்தை அவருடைய அடக்கம் குறைத்துவிடாது.

சிற்பி டேவிட் செர்னி பற்றிக் கட்டுரையாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். 2014இல் நிறுவப்பட்ட, தனித்தனியே சுழலும் 42 அடுக்குகளால் ஆன, எழுத்தாளர் காஃப்காவின் எஃகுத் தலையை அவருடைய உச்சப் படைப்பாகக் கூறுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அடுக்குகள் சிதறிக் கூடி முகமாகும் அந்தக் கணம் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அதன் முன்னே நிற்பவர் கைப்பேசியில் படம் பிடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. 2003இல் ஸ்மிஹோவ் பகுதியின் ஃபுட்டுரா கலைக்கூடத்தில் அவர் நிறுவிய படைப்பைப் பாருங்கள்: முகம் சுவருக்குள் புதைந்திருக்க, குனிந்து நிற்கும் மாபெரும் வெள்ளை உருவங்கள். பார்வையாளர் ஏணியில் ஏறி, அந்த உருவத்தின் பின்புறத் துளைக்குள் தலையை நுழைத்தால்தான் உள்ளே ஓடும் காணொளி தெரியும். அன்றைய குடியரசுத் தலைவர் வாட்ஸ்லாவ் கிளாஸ், அன்றைய தேசியக் கலைக்கூட இயக்குநர் மிலான் க்னீஜாக் ஆகியோரின் உருவில் இருவர் ஒருவருக்கொருவர் கூழ் ஊட்டிக்கொள்ளும் காட்சி அது. படத்தைப் பார்க்க விரும்புகிறவர் அதிகாரத்தின் முன்னே எந்த நிலைக்குத் தம் உடலை வளைக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த ஏணி காட்டிக்கொடுக்கிறது. இதைச் சிற்பப் பகுதியில் வைப்பதா, காணொளிப் பகுதியில் வைப்பதா?

எவா கொத்யாட்கோவா இந்தக் கேள்வியை முற்றிலும் வேறு இடத்துக்குக் கொண்டு செல்கிறார்; என் மதிப்பீட்டில் இன்றைய செக் கலைஞர்களில் மிக முக்கியமானவர் அவரே. 2022 இறுதியில் தொடங்கி 2023 வரை தேசியக் கலைக்கூடத்தின் வெலெட்ர்ஷ்னி மாளிகையில் நடந்த ‘என் உடல் ஒரு தீவல்ல’ கண்காட்சியில், பாதி மீனும் பாதி மனிதருமான ஒரு பேருடல் துண்டுதுண்டாகக் கூடத்தில் கிடந்தது. அதன் உறுப்புகளுக்குள் பார்வையாளர்கள் நுழையலாம், உட்காரலாம், ஒதுக்கப்பட்டவர்களும் அடைபட்டவர்களும் பேசும் கதைகளைக் கேட்கலாம். உருவம் அசையாமல் கிடக்கிறது. அசைவு முழுவதும் அதற்குள் நடமாடும் மனிதர்களிடம் வந்து சேர்கிறது. உடலைப் பிறர் வரையறுப்பதும் அடக்குவதும் பற்றி அவர் தொடர்ந்து சிந்திப்பதால்தான், 2024 வெனிஸ் பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் செக் அரங்குக்காக, 1954இல் கென்யாவில் பிடிக்கப்பட்டுப் பிராக் விலங்குக் காட்சிச்சாலையில் இரண்டே ஆண்டுகள் வாழ்ந்த லென்கா என்ற ஒட்டகச்சிவிங்கியின் கதையை அவர் எடுத்துக்கொண்டதும் இயல்பாகத் தோன்றுகிறது.

அச்சிதழில் அசைவைக் காட்ட முடியாதே என்று தாங்கள் கேட்கலாம். கொவாண்டாவே அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். தம் செயல் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் ஒட்டிய நிழற்படமாகவும், அதனுடன் தட்டச்சு செய்த சில சொற்களாகவும் பதிவு செய்தார்: நாள், இடம், என்ன செய்யப்பட்டது என்ற மூன்றும் அதில் இருக்கும். தங்கள் இதழும் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே படத்துக்குக் கொடுப்பதை விட்டு, அடுத்தடுத்த கணங்களில் எடுத்த இரண்டு மூன்று சிறிய படங்களை வெளியிடலாம். எது அசைகிறது, எதனால் அசைகிறது, சத்தம் உண்டா, பார்வையாளர் எங்கே நிற்க வேண்டும் என்பவற்றைப் படக்குறிப்பிலேயே தெரிவிக்கலாம். கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதிலேயே இதைத் தொடங்கி, கின்டெராவின் படத்துக்கான குறிப்பையும் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகர்