மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை ஒறிஜினல் ஆக்கவேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் கடிதம் எழுதிய வாசகர், யாழ்ப்பாணத்தில் மிஞ்சியிருக்கும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் எல்லாம் கைவைத்துக் கெடுக்கப்பட்டவை, கொழும்பில் சேகரிப்பாளர்கள் வைத்திருப்பதுபோல ஒறிஜினலாக ஒன்றுகூட இல்லை, ஆகவே இவற்றைத் தூக்கிவைத்துக் கொண்டாடத் தேவையில்லை என்று சொல்லியிருந்தார். ஒறிஜினலாக ஒன்றும் இல்லை என்பது கிட்டத்தட்ட உண்மைதான். ஆனால் ஏன் இல்லை என்பதற்கு அவருடைய கடிதத்தில் ஒரு வரி கிடையாது. அதை விட்டுவிட்டு இந்தக் கார்களைப் பற்றி என்ன கதைக்கலாம் என்று எனக்கு விளங்கவில்லை.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைத்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் கிடைத்தது. அந்த ஐந்து வருடமும் இங்கே ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோனது, கலியாண வீட்டுக்குப் பொம்பிளையை ஏற்றியது, செத்த வீட்டுக்குச் சனத்தை அடைந்துகொண்டு போனது எல்லாம் பெரும்பாலும் ஒஸ்ரினின் ஏ-40, கேம்பிறிஜ், மொறிசின் ஒக்ஸ்போட், மைனர் இந்த நாலும்தான். எல்லாம் மண்ணெண்ணெயில். இளம் ஆட்களுக்கு இது பகிடி மாதிரி இருக்கும், ஆனால் அதற்குள் சரியான எஞ்சினியரிங் இருக்கிறது.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால் எஞ்சினை அதில் ஸ்ராட் பண்ண முடியாது. ஒக்ரேனும், அதாவது அமுக்கும்போது தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மையும் குறைவு, கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கும் அளவு) கூடிய எஞ்சினில் விட்டால் எஞ்சின் டக் டக்கென்று அடிக்கத் தொடங்கிவிடும். நாற்பதுகளின் கடைசியில், ஐம்பதுகளில் வந்த பிரித்தானிய எஞ்சின்கள் போருக்குப் பிந்திய மட்டமான பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை, கொம்பிரஷன் ஏழுக்கு ஒன்று அளவில்தான் இருக்கும். அதைவிட முக்கியமான ஒன்று, மைனரின் எஞ்சினிலும் கேம்பிறிஜின் 1489 சிசி எஞ்சினிலும் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல இருக்கும். பந்தயக்காரர்கள் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். எங்களுக்கு அதுதான் உயிர் காத்தது: புகைக்குழாயின் சூட்டில் மண்ணெண்ணெய் ஆவியாகி உள்ளே போகும். பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதிலிருந்து எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கபிரேற்றருக்கு ஒரு குழாய், நடுவில் ஒரு திருகி. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பி, நிற்பாட்டுவதற்குக் கொஞ்சம் முன்னர் திரும்பப் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். மறந்தால் அடுத்த முறை தள்ளினாலும் ஸ்ராட் வராது. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக வழிந்து கீழே இறங்கும், எஞ்சின் ஒயில் தண்ணியாகிவிடும், ஒயில் கோல் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும்! பிளக்குகள் கரி பிடித்துக் கறுத்துப்போகும். இங்கிலாந்தில் அந்தக் காலத்து ஃபேர்கசன் ரக்டர்களில் ஒரு வகை இதே முறையில்தான் ஓடியது, கம்பனியே அப்படிச் செய்து விற்றது. எங்கள் மெக்கானிக்மார் அதைப் புத்தகத்தில் படித்துச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்தக் கார் ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. பொனற்றைத் திறந்தால் சுவர்த் தகட்டில் தேவையில்லாத நாலு துளை, போத்தல் கட்டிய பட்டிக் கம்பி, எங்கேயும் போகாமல் நிற்கும் ஒரு செப்புக் குழாய். இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருகிறவர் முதல் செய்யும் வேலை, அதெல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, துளையை வெல்டிங்கால் அடைத்து, புட்டி பூசி, தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரி ஆக்குவதுதான். என்னைக் கேட்டால், அதைத்தான் கெடுப்பது என்று சொல்வேன். ஒஸ்ரினின் லோங்பிறிஜ் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரி இருக்கும் ஏ-40 இங்கிலாந்தில் இன்னும் இருக்கிறது. செப்புக் குழாயோடு நிற்கும் ஏ-40 இங்கே மட்டும்தான். வடிவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வடிவுக்காகத்தானே எல்லாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, அவர்கள் புதுக் கார் வாங்கலாம்.

ஒறிஜினல் என்று அடிக்கடி சொல்கிறவர்களிடம் மொறிஸ் மைனரின் கதையைக் கேட்க வேண்டும். அலெக் இசிகோனிஸ் வரைந்த அந்தக் கார் 1948 இல் லண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சிக்கு வர முன்னரே, பார்க்க ஒடுக்கமாக இருக்கிறது என்று அவருக்கே பிடிக்காமல், மாதிரிக் காரை நீளப்பாட்டில் இரண்டாக வெட்டி, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் அகட்டியபின்தான் சரி என்றார். மைனரின் பொனற் நடுவில் ஓடும் அந்தத் தட்டைப் பட்டி அப்படி வந்ததுதான். பம்பர்கள் முன்னமே அடித்து வைத்திருந்ததால் ஆரம்பக் கார்களில் அதையும் நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்துப் பொருத்தினார்கள். பிறக்க முன்னரே வெட்டி ஒட்டிய கார் அது. 1952 இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒன்றாகச் சேர்ந்தபின் பழைய 918 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சினை வைத்தார்கள், 1956 இல் 948, 1962 இல் 1098. இதில் எது ஒறிஜினல்? கம்பனி செய்தால் மொடல், கராச்சில் செய்தால் கெடுதலா?

சரி, அதற்காக எதையும் எப்படியும் வெட்டலாம் என்றும் நான் சொல்லவில்லை. என்னுடைய கணக்கு ஒன்றே ஒன்றுதான்: செய்த மாற்றத்தை நாளைக்கு இன்னொருவர் திருப்பிப் பழையபடி ஆக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், கழற்றிய சாமானைச் சாக்கில் கட்டி மால் கொட்டிலில் வையுங்கள். பற்றறிக்கு மின்சாரம் தரும் டைனமோவைக் கழற்றிப் புது வகை ஒல்ரனேற்றர் போடுவது நல்ல மாற்றம், ஏனென்றால் டைனமோ மெதுவாக ஓடும்போது பற்றறியை ஒழுங்காகச் சார்ஜ் பண்ணாது, இன்றைக்கு ஆஸ்பத்திரி வீதியில் பின்னேரம் ஊர்ந்து போகும் வேகத்தில் லைற்றும் போட்டு வைப்பரும் போட்டால் பற்றறி இறங்கிவிடும். ஆனால் பழைய மைனரிலும் ஏ-40 இலும் பற்றறியின் நேர் முனைதான் பொடியோடு கட்டியிருக்கும், ஒல்ரனேற்றர் போடுகிறவர் அதை மாற்றிக் கட்ட மறந்தால் புது ஒல்ரனேற்றர் அந்த நிமிடமே எரிந்துவிடும். சீற் பெல்ட் போடுங்கள். கதவுக்குப் பக்கத்துத் தூணிலிருந்து எழும்பும் சின்னக் கைகாட்டி வடிவுதான், அது வேலை செய்யட்டும், ஆனால் பின்னால் வருகிற முச்சக்கரவண்டிக்காரருக்கு அது விளங்காது, மினுங்கும் சிக்னல் லைற்றும் கட்டாயம் வேண்டும். வால்வ் சீற்றும் மாற்ற வேண்டியதுதான். 2002 உடன் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுபோனது, பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வ் உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் காப்பாற்றி வந்தது. நல்ல லேத் பட்டறையில் கொடுத்தால் கடினமான வளையம் இறுக்கித் தருவார்கள், வெளியில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

பிறேக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். மைனரில் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர், அதாவது மிதியை அமத்தும்போது பிறேக் ஒயிலைத் தள்ளும் பம்ப், டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே சசிக்குள் ஒளித்திருக்கிறது. ஐம்பதுகளில் அது புத்திசாலித்தனமாக இருந்திருக்கலாம். மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓடி, பண்ணைக் கடல் பக்கத்து உப்புக்காற்றும் பட்டால் அந்த இடம்தான் முதலில் கறள் பிடிக்கும், கழற்றுவதற்கு மெக்கானிக் தலைகீழாக நிற்க வேண்டும். முன்சில்லைத் தாங்கும் கீழ்த் திருகுமூட்டும் அப்படித்தான், ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் தேய்ந்து ஒருநாள் சில்லு மடிந்து றோட்டில் உட்கார்ந்துவிடும். ஆகவே மைனர் வைத்திருப்பவர் பெயிண்டுக்குச் செலவழிக்க முன்னர் கிறீஸ் துப்பாக்கி ஒன்று வாங்க வேண்டும். முன்னுக்கு டிஸ்க் பிறேக் போட்டு, மாஸ்ரர் சிலிண்டரைப் பொனற்றுக்குள் கொண்டுவருகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், சசியை வெட்டாமல் செய்தால்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஜப்பான் எஞ்சினும் கியர்பொக்சும் வைப்பதற்காக முன்சுவரை வெட்டுகிறார்கள், ஏ-40 சொமசெற்றில் ஸ்ரியரிங் தூணோடு இருக்கும் கியர்த்தண்டைப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள், காரைத் தாழ்த்துவதற்கு ஸ்பிறிங்கை வெட்டுகிறார்கள், பிறகு வல்லை வெளியில் சைலன்சர் இல்லாமல் ஓட்டி அதை வீடியோ எடுக்கிறார்கள். வெட்டிய ஸ்பிறிங்கில் கார் துள்ளும், வளைவில் பிடிக்காது. எஞ்சினை மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டால், விற்கும்போது புத்தகத்தில் ஒரு இலக்கம், எஞ்சினில் இன்னொரு இலக்கம். அதில் மாட்டுவது வாங்கியவர்தான். தொண்ணூறுகளில் டீசல் எஞ்சின் வைத்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, அவர்கள் ஹயர் ஓடிச் சாப்பிட வேண்டியிருந்தது. இன்றைக்கு பெற்றோல் நிரப்ப வசதி உள்ளவர் விளையாட்டுக்கு வெட்டுவது அதோடு சேராது.

பாட்ஸ் கிடைக்காது, அதனால்தான் வெட்டுகிறோம் என்கிறார்கள். அதையும் பார்ப்போம். மொறிஸ் ஒக்ஸ்போட் மூன்றாம் வரிசைக் கார்தான் இந்தியாவில் அம்பாசடராகி 2014 வரை வந்துகொண்டிருந்தது. அதன் 1489 சிசி எஞ்சின் கேம்பிறிஜின் எஞ்சினுக்கு உடன்பிறப்பு. பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கிற காலத்தில், கலியாணச் சேலை எடுக்கப் போகிறவரிடம் ஒரு காஸ்கற் செற் சொல்லி விடுவது பெரிய காரியமா? சேலைப் பெட்டிக்குள் வோட்டர் பம்ப் வந்த வீடுகளும் எனக்குத் தெரியும், அந்த வீட்டு அக்காமாரின் மனநிலையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மைனருக்கோ இன்னும் சுகம், இந்த நாட்டிலேயே காலியில் அதன் தகடுகளைக் கையால் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். பேஜோ 404, 504 வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்மையில் கஷ்டம், அவர்களுக்கு என் அனுதாபம். (404 ஐயும் 1959 முதல் வந்த கேம்பிறிஜையும் தூரத்தில் மாறிப் பார்ப்பவர்கள் வெட்கப்படத் தேவையில்லை, இரண்டையும் வரைந்தது இத்தாலியின் பினின்ஃபரினாதான்.)

2020 இல் வாகன இறக்குமதி நின்றபின் பழைய கார்களுக்கும் விலை ஏறியது. தெற்கிலிருந்து வந்து, இங்கே மதிலோரம் சில்லில்லாமல் நின்றவற்றை லொறியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். விற்பவரைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை, காசு தேவையானவர் விற்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே போனதும் முதலில் கழற்றப்படுவது அந்தச் செப்புக் குழாயும் போத்தல் பட்டியும்தான். விற்கிறவர் குறைந்தது ஒரு படமாவது எடுத்து வைக்கட்டும்: பொனற்றுக்குள் ஒன்று, பதிவுப் புத்தகத்தின் உரிமையாளர் பக்கத்தில் ஒன்று, இலக்கத் தகட்டில் ஒன்று. சொமசெற் என்றால் தகட்டில் ஆங்கில எழுத்து இருக்கும், 1959 கேம்பிறிஜ் என்றால் சிங்கள ஸ்ரீ. அந்தச் சிங்கள ஸ்ரீ எழுத்தை எதிர்த்து 1957, 58 இல் இந்த வீதிகளில் நடந்ததை இங்குள்ள பெரியவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது சிலர் பழையபடி மண்ணெண்ணெயைப் பற்றிக் கதைத்தார்கள். முதலில் அதுவும் கிடைக்கவில்லை, பிறகு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதும் அந்தக் கதை முடிந்தது. ஆனால் அப்போது எனக்கு உறைத்தது வேறொன்று. எப்படிச் செய்வது என்று கேட்டுப் போனால் சொல்லித்தரக்கூடிய மெக்கானிக்மார் மிகக் கொஞ்சம்பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள், அவர்களும் எழுபதைத் தாண்டியவர்கள். யார் எந்த எஞ்சினுக்கு எந்த அளவில் கபிரேற்றரின் ஜெற்றைத் துளைத்தார், பிளக்கில் பொறி விழும் ரைமிங்கை எவ்வளவு பின்னுக்கு வைத்தார், ஒயிலை எப்போது மாற்றினார் என்பதெல்லாம் இன்னும் எங்கேயும் எழுதப்படவில்லை.

ஆகவே ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இதழில் மாதம் ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்கி, இந்த மெக்கானிக்மாரில் ஒருவரையும் அவர் கைவைத்த ஒரு காரையும் போடுங்கள். ஆளனுப்ப வசதியில்லை என்றால் வாசகர்களிடம் கேளுங்கள், சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை எல்லா இடத்திலிருந்தும் எழுதுவார்கள். போன ஞாயிறு கடிதம் எழுதிய வாசகருக்கும் அழைப்பு உண்டு. சனிக்கிழமை பின்னேரம் வந்தால் கார் பார்க்கலாம், காலையில் வந்தால் அதன் அடியில் படுத்திருக்கும் என் கால் மட்டும்தான் தெரியும்.

இப்படிக்கு,
சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர்