அக்காவுக்கு, கிளீவ்லாந்திலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

கருவாட்டுப் பொட்டலத்துக்குள் நீ மடித்து வைத்த கடிதம் கிடைத்தது. நெத்திலி வாடை இன்னும் காகிதத்தில் இருக்கிறது. மூன்று மாதமாக ஒரு வரி எழுதாததற்கு நீ திட்டியது போதாது.

இங்கே எரி ஏரி உறைந்து கிடக்கிறது. நம் கடல் மாதிரியே அக்கரை தெரியாது, உப்பு வாடைதான் இல்லை. எதிர்வீட்டுத் தாத்தா ஜன்னலுக்குத் திரையே போடமாட்டார். ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு கிடார் வாசிப்பார், தெருவுக்கே தெரியும். ஒருநாள், "நேற்று நன்றாக வாசித்தீர்கள்" என்றேன். "என் வீட்டுக்குள் ஏன் பார்த்தாய்?" என்று முகத்தைச் சுளித்தார். திரை இன்னும் போடவில்லை. வாசிப்பதுதான் நின்றுவிட்டது.

பொங்கலுக்கு லீவு இல்லை என்று அம்மாவிடம் சொன்னது பொய். ஊருக்கு வந்தால் சென்னையில் அமெரிக்க விசா முத்திரை குத்தித்தான் திரும்ப முடியும். ஐந்து வருஷமாக வைத்திருந்த முகநூல், இன்ஸ்டாகிராம் கணக்குப் பெயர்களை எழுதிக்கொடுப்பது 2019 முதலே உண்டு. 2025 ஜூனில் மாணவர்களையும், அந்த டிசம்பர் 15 முதல் என்னைப்போல் எச்-1பி வேலை விசாக்காரர்களையும் கணக்கை யாரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். என் நேர்காணல் மே மாதத்துக்குத் தள்ளிப்போனது.

ஊரறியப் போட்டதைத்தானே பார்க்கிறார்கள் என்பார் மச்சான். சரி, பாம்பன் பாலத்தில் நின்று கத்தினால் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். அதை ஒருவர் நோட்டில் எழுதிவைத்து ஐந்து வருஷம் கழித்து விசாரிப்பாரா?

படகு பிடிபட்ட அன்று சேவியர் ஆத்திரத்தில் போட்ட பதிவில் என் பெயரையும் டேக் செய்திருந்தான். அந்த டேகை நான் எடுத்துவிட்டேன், அக்கா. ஒரு லைக் கூடப் போடவில்லை. அப்பா கடன் வாங்கிக் கட்டிய படகு. அதற்கப்புறம் உங்கள் யாருக்கும் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லத் தைரியமில்லை, அதனால்தான் காகிதம். அவனிடம் நீயே பக்குவமாகச் சொல்லு.

பணத்துக்கு இங்கே குறையில்லை. டாலர் இன்னும் ஏறட்டும் என்றுதான் இந்த மாதம் கொஞ்சம் குறைத்து அனுப்பினேன். ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வட்டியைக் கட்டிவிடலாம், மச்சானை நகையில் கைவைக்க வேண்டாம் என்று சொல்.

அந்தோணியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவு போக அம்மா பெயரைக் கொடுத்தாயா? ஆதார் நகல் பீரோவில் அப்பா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பாலிதீன் பையில் போட்டுக் கொடு, படகில் நனைந்துவிடும்.

உன் தங்கை,
செல்வி