துணை நடிகர் அல்லர், குணச்சித்திர நடிகர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 1939-ஆம் ஆண்டின் ஹாலிவுட் படங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கிளார்க் கேபிள், ஜான் வெயின், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், கேரி கிராண்ட், சார்லஸ் லாட்டன் என்று ஐந்து நாயகர்களின் படங்களை எடுத்துக்கொண்ட கட்டுரையாளர், அந்த ஐந்து படங்களிலுமே நடித்திருக்கும் ஒருவரின் பெயரை ஓரிடத்தில்கூடக் குறிப்பிடவில்லை. அவர் தாமஸ் மிட்செல்.

'கான் வித் த விண்ட்' படத்தில் கதாநாயகி ஸ்கார்லெட்டின் தந்தை அவர்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பாழான வீட்டுக்குத் திரும்பி வரும் மகளிடம், மிஞ்சிய சொத்து இதுதான் என்று ஒரு கட்டுக் கடன் பத்திரங்களைக் காட்டுகிறார். அவையோ தோற்றுக்கொண்டிருக்கும் தென் மாநிலக் கூட்டமைப்பு வெளியிட்டவை. காகித விலைகூடப் பெறாதவை. பணமும் இல்லை, உணவும் இல்லை, இனி என்ன செய்வது என்று மகள் தவிக்கும்போது, உன் அம்மாவைக் கேட்போம் என்கிறார். அம்மா இறந்துவிட்டதை அவர் மனம் ஏற்கவில்லை என்பது அந்த ஒரு பதிலில் நமக்குப் புரிந்துவிடுகிறது. நான்கு மணி நேரத்தை நெருங்கும் அப்படத்தில் என் நினைவில் முதலில் வருவது இந்தச் சிறு காட்சிதான்.

'ஸ்டேஜ்கோச்' படத்தில் அவர் ஊரை விட்டு விரட்டப்பட்ட குடிகார மருத்துவர். சக பயணியான மது வியாபாரியின் மாதிரிப் புட்டிகளை வழியெல்லாம் காலி செய்துகொண்டு வருபவர், வண்டியில் வந்த பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கியதும், பால் கலக்காத காப்பியைக் குவளை குவளையாகக் குடித்துப் போதையை முறித்துக்கொண்டு பிரசவம் பார்க்கிறார். இதற்குத்தான் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' படத்திற்காக அதே பிரிவில் போட்டியிட்டுத் தோற்ற கிளாட் ரெய்ன்ஸ், ஹாரி கேரி இருவரோடும் அப்படத்தில் மிட்செலும் பத்திரிகையாளராக நடித்திருந்தார் என்பது வேடிக்கை. சினிமாவுக்கும் நாடகத்துக்கும் வருமுன் அவர் உண்மையிலேயே செய்தியாளராக வேலை பார்த்தவர்.

கட்டுரையில் இன்னொரு குறை உண்டு. அவ்விருதைச் 'சிறந்த துணை நடிகர்' விருது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் படவுலகில் துணை நடிகர் என்றால், கூட்டத்தில் நிற்க நாள் கூலிக்கு வருபவர் என்றே பொருள். மிட்செல் போன்றோருக்குக் குணச்சித்திர நடிகர் என்ற நல்ல சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால், ஹாலிவுட்டும் அன்று இவர்களைச் சற்றுக் குறைவாகத்தான் நடத்தியது. நாயக நாயகியருக்கு முழுச் சிலையைக் கொடுத்துவிட்டு, இப்பிரிவில் வென்றவர்களுக்குச் சிறு உருவம் பதித்த பட்டயத்தை மட்டுமே கொடுத்தார்கள். 1940 பிப்ரவரி 29 அன்று மிட்செலும், அதே இரவில் வென்ற குணச்சித்திர நடிகை ஹாட்டி மெக்டேனியலும் பெற்றவை பட்டயங்களே. முழுச் சிலை வழங்கும் வழக்கம் 1944 விழாவில்தான் வந்தது.

1892-இல் நியூ ஜெர்சியில், அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த மிட்செல், 1953-இல் தொலைக்காட்சிக்கான எம்மி, மேடைக்கான டோனி ஆகிய இரு விருதுகளையும் பெற்றார். ஆஸ்கரோடு சேர்த்து இம்மூன்றையும் வென்ற ஆண்களில் அவரே முதலாமவர். பீட்டர் ஃபாக் புகழ்பெறச் செய்த துப்பறிவாளர் கொலம்போவை, தாம் மறைந்த 1962-ஆம் ஆண்டில் மேடையில் நடித்தவரும் அவர்தான்.

அடுத்த பகுதி 1940-களைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' இடம்பெறுமானால், ஞாபக மறதிக்கு அஞ்சி விரலில் நூல் கட்டிக்கொண்டும் 8,000 டாலரைத் தொலைத்துவிடும் பில்லி சித்தப்பாவாக நடித்தவரின் பெயரையும் ஒரு வரியில் சேர்க்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்